வக்கீல் மேல் புகார் கொடுத்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

குடவாசல் விவசாயி:
என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா பெயரில் மூணு மா நிலம். பங்காளி வருஷத்துக்கு ஒரு சால் என்று வரப்பை வெட்டிக்கொண்டே வந்தார். முன்சீப் கோர்ட்டில் கேஸ் போட்டோம். வாய்தா அன்றைக்குப் போன் அடித்தால், "நீங்க எதுக்கு அலையறீங்க, நடவைப் பாருங்க, நான் பாத்துக்கறேன்" என்பார் வக்கீல். நானும் நடவைப் பார்த்தேன். எட்டு மாசம் கழித்து டீக்கடையில் பங்காளி மகன் சிரித்தபோதுதான் தெரிந்தது: எங்கள் தரப்பில் யாருமே ஆஜராகாமல் கேஸ் தள்ளுபடி. மறுபடி எடுக்க 30 நாளுக்குள் மனு போட்டிருக்க வேண்டுமாம். வேறு வக்கீலிடம் போகலாம் என்று கேஸ் கட்டைக் கேட்டால், "பாக்கி பீஸை வச்சுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்.

வக்கீல்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் பார் கவுன்சில் சென்னை ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிறது, அதற்குப் புகார் எழுதினேன். இங்கிலீஷில்தான் எழுதணும் என்று ஊரே பயமுறுத்தியது. தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன், வாங்கிக்கொண்டார்கள். வக்கீல் கொடுத்த பதிலின் நகல் எனக்கும் வந்தது. அதில் நான்தான் கூப்பிட்டும் வராதவன்! விசாரணைக்கு உழவன் எக்ஸ்பிரஸில் மூணு தடவை போய் வந்தேன். மூணு பேர் உட்கார்ந்து கேட்டார்கள், மூணு பேரும் வக்கீல்களே. போன் பில்லை எடுத்து வைத்ததும் பேச்சு மாறியது.

அடுத்த வாரமே வக்கீல் ஊர்ப் பெரியவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் கேஸ் கட்டு, பாதிப் பணம். அம்மா காபி வேறு கொடுத்துவிட்டாள். புகாரை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்தேன். முடிந்தது என்று பார்த்தால் அடுத்த விசாரணைக்கு நோட்டீஸ் வருகிறது. சமரசம் ஆனாலும் விசாரணை அதனால் மட்டும் நிற்காதாம். கடைசியில் அவரைக் கண்டிப்போடு விட்டார்கள்.

மாயவரம் குமாஸ்தா (ஓய்வு):
தம்பி, முப்பது வருஷம் வக்கீல் ஆபீசில் கட்டுத் தூக்கியவன் சொல்கிறேன். பீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்து வைக்க எந்த வக்கீலுக்கும் உரிமை கிடையாது. 2000-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. போபாலில் ஒரு வக்கீல் கூட்டுறவு வங்கிக் கட்டுகளைக் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்த கேஸ் அது. பாக்கி இருந்தால் அவர் தனியாக வழக்குப் போட்டு வசூல் பண்ணட்டும்.

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. பார் கவுன்சில் கை வைப்பது சன்னதில், அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமத்தில். புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யாமல் நிறுத்தலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே எடுக்கலாம். 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் இருப்பது இவ்வளவுதான். உங்கள் பணத்தை வாங்கித் தருவது அதன் வேலை இல்லை. அதற்கு சிவில் கோர்ட். நுகர்வோர் கோர்ட் பக்கம் போக வேண்டாம், வக்கீல் சேவை அதில் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. புகார் வந்து ஓராண்டுக்குள் முடிவாகாவிட்டால் கோப்பு டெல்லிக்கு, இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். உத்தரவு பிடிக்கவில்லையா, 60 நாளுக்குள் அங்கேயே அப்பீல். அதற்கும் மேலே சுப்ரீம் கோர்ட்.

ஒன்று மட்டும். கேஸ் தோற்றுவிட்டது என்பதற்காகப் புகார் எழுதாதீர்கள். தோற்பது குற்றமில்லை, போகாமல் இருப்பதுதான் குற்றம். பீஸ் தராமல் ஓடிய கட்சிக்காரர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

காரைக்கால்:
நாங்கள் புதுச்சேரியைச் சேர்ந்தவர்கள் ஆனாலும் எங்களுக்கும் அதே சென்னை பார் கவுன்சில்தான். ஆனால் என் அத்தை பிரெஞ்சு குடியுரிமைக்காரர், மாமா சொத்து விவகாரம் பிரான்சில் நடந்தது. அங்கே வக்கீல் போட்ட பில்லைப் பார்த்து அத்தைக்கு மயக்கமே வந்துவிட்டது. அங்கு ஒவ்வொரு ஊர் வக்கீல் சங்கத்துக்கும் வக்கீல்களே தேர்ந்தெடுக்கும் தலைவர் உண்டு, 'பத்தோனியே' என்பார்கள். பீஸ் தகராறு அவர் மேஜைக்குத்தான் போகும். நாலு மாசத்தில் முடிவு சொல்ல வேண்டும். அத்தை எழுதினார், தொகை குறைந்தது. இன்னொன்று, கட்சிக்காரர் பணம் வக்கீலின் சொந்தக் கணக்குக்குப் போவதில்லை. வக்கீல்களுக்கென்றே இருக்கும் 'கார்ப்பா' என்ற பொது நிதி வழியாகத்தான் போய் வரும். நம்மூரில் நஷ்டஈட்டு செக்கை வாங்கக் கோர்ட் வாசலில் நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

மன்னார்குடி:
அண்ணன் சிங்கப்பூரில் வேலையில் அடிபட்டு, நஷ்டஈட்டுக்கு வக்கீல் வைத்தான். ஆறு மாசம் பதிலே இல்லை. அங்கே வக்கீல் சங்கத்துக்கு, 'லா சொசைட்டி', எழுத வேண்டும். சின்னத் தப்பு என்றால் எச்சரிக்கை, அபராதம். பெரிய தப்பு என்றால் மூன்று நீதிபதிகள் அமர்வு வரை போகும். பெயரை நீக்குவது அவர்கள் கையில். அண்ணனுக்கு அவ்வளவு தூரம் தேவைப்படவில்லை. புகார் எழுதப்போகிறேன் என்று மெயில் போட்டான், மறுநாளே பதில் வந்தது.

மாயவரம் குமாஸ்தா (ஓய்வு):
குடவாசல் தம்பி, அந்த வரப்பு கேஸ் என்ன ஆச்சு?

குடவாசல் விவசாயி:
காலதாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட்டோம் ஐயா. செலவுத்தொகை கட்டச் சொல்லி ஏற்றுக்கொண்டார்கள், கேஸ் திரும்ப நடக்கிறது. இப்போது ஒரு வாய்தாவையும் விடுவதில்லை. பழைய வக்கீலையும் கோர்ட் வாசல் புளியமரத்தடியில் பார்ப்பேன். "நடவு முடிஞ்சுதா?" என்று கேட்பார்.