என்ஐசியூல குடுத்த கேஸும் எங்க ஃபர்னஸ்ல விடுற கேஸும் ஒண்ணா?

ஃபர்னஸ்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க. ரெண்டு மாசம் முன்னாடி எங்கக்காவுக்கு பொம்பளப் புள்ள பொறந்துச்சு. நாள் தள்ளிப்போயி, புள்ள உள்ளயே மோஷன் போயி, அத மூச்சுல இழுத்துருச்சு. பொறந்தப்ப அழவே இல்ல, ஒதடெல்லாம் நீலம் பாஞ்சுருச்சு. என்ஐசியூல, அதான் பச்சப்புள்ளைங்க ஐசியூல, வென்டிலேட்டர் போட்டு 100 சதவீதம் ஆக்ஸிஜன் வச்சும் சாச்சுரேஷன் (ரத்தத்துல இருக்குற ஆக்ஸிஜன் அளவு) ஏற மாட்டேங்குது. வலது கைல ஒரு ப்ரோப், கால்ல ஒரு ப்ரோப் மாட்டியிருந்தாங்க, கைல 93 காட்டுது கால்ல 81 காட்டுது, மிஷின்தான் ரிப்பேர் போலன்னு நான் நெனச்சுட்டு நிக்கிறேன். நடுராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் ட்ராலில ஒரு சிலிண்டர தள்ளிட்டு வந்தாரு. அதுல "நைட்ரிக் ஆக்ஸைடு 800 பிபிஎம், மிச்சம் நைட்ரஜன்"னு எழுதியிருந்துச்சு (பிபிஎம்னா பத்து லட்சத்துல எத்தன பங்குங்கற கணக்கு). பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

ஏன்னா நான் பிஎச்டி பண்றது சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட்ல, அதாவது மின்சாரத்த சுவிட்ச் பண்ற ட்ரான்சிஸ்டர்ல. வேஃபர் (சிப்பு பண்ற வட்டத் தகடு) மேல கேட் ஆக்ஸைடுங்கற மெல்லிசான காப்புப் படலம் வளத்ததுக்கு அப்புறம் 1175 டிகிரில ரெண்டு மணி நேரம் இதே நைட்ரிக் ஆக்ஸைடு (என்ஓ) கேஸ விட்டுத்தான் அனீல் பண்ணுவோம், அதாவது சூட்டுல வச்சு எடுப்போம், அப்பதான் ரெண்டும் ஒட்டுற எல்லைல (இன்டர்ஃபேஸ்) எலக்ட்ரான புடிச்சு வைக்குற ட்ராப் எல்லாம் குறையும். எங்க லேப்ல அந்த சிலிண்டருக்குன்னு தனி கேபினட், தனி எக்ஸாஸ்ட், கதவுக்கு வெளிய டிடெக்டர். 25 பிபிஎம் தொட்டா அலாரம் அடிக்கும், எல்லாரும் போட்டது போட்டபடி வெளிய ஓடணும். ஒருதடவ ஃபிட்டிங் லூசாகி அடிச்சப்ப ஓடுன வேகத்துல செருப்ப விட்டுட்டு ஓடுனேன்.

அப்படிப்பட்ட கேஸ 20 பிபிஎம் வச்சு நேரா பச்சப்புள்ள நுரையீரலுக்குள்ள விடுறாங்க. ஒரு மணி நேரத்துல கால்ல இருந்த 81 ஏற ஆரம்பிச்சுருச்சு, அத நான் கண்ணால பாத்தேன். புள்ள இப்ப வீட்டுல நல்லா இருக்கா. ஆனா கேள்வி மண்டைக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. எங்களுக்கு வெஷம், அவளுக்கு மருந்து, எப்படி? அப்புறம் ஒரே கேஸ் ரெண்டு எடத்துலயும் வேல செய்றதுக்கு எதாவது பொதுவான காரணம் இருக்கா, இல்ல நானாத்தான் முடிச்சு போடுறேனா?

சும்மா_படிக்கிறவன்:
இது சிரிப்பு வாயுதானே ப்ரோ? பல் புடுங்கும்போது குடுப்பாங்களே.

ஃபர்னஸ்காரன்:
இல்ல ப்ரோ, அது நைட்ரஸ் ஆக்ஸைடு, என்டூஓ. இது ஒரு நைட்ரஜன் ஒரு ஆக்ஸிஜன் மட்டும், என்ஓ. சிரிக்க வைக்காது.

நைட்_டியூட்டி_டாக்டர்:
குழந்தை வீட்டுக்கு வந்துட்டாங்கறது சந்தோஷம் தம்பி. பச்சிளங்குழந்தை ஐசியூலதான் எனக்கு வேலை, இந்த சிலிண்டரை நடுராத்திரி தள்ளிட்டு வரச் சொல்ற ஆள்ல நானும் ஒருத்தி.

முதல்ல அந்த ரெண்டு ப்ரோப். மிஷின் ரிப்பேர் இல்ல. அம்மா வயித்துக்குள்ள இருக்கறப்ப குழந்தைக்கு நுரையீரல் வேலை கிடையாது, அங்க போற ரத்தக்குழாய் எல்லாம் இறுகிக் கெடக்கும், ரத்தம் டக்டஸ்னு ஒரு குறுக்கு வழியா நுரையீரலை விட்டுட்டு நேரா உடம்புக்குப் போயிடும். பொறந்து முதல் மூச்சு இழுத்ததும் அந்தக் குழாய்ங்க தளர்ந்து திறக்கணும். உங்க பாப்பா மாதிரி மோஷனை இழுத்துட்ட குழந்தைங்களுக்கு அது திறக்காம இறுகியே நின்னுடும், ரத்தம் பழைய குறுக்கு வழிலயே போகும். வலது கைக்குப் போற கிளை அந்த டக்டஸ் வந்து சேர்ற எடத்துக்கு முன்னாடியே பிரிஞ்சுடுது, காலுக்குப் போற ரத்தம்தான் கலப்படம். அதான் கைல 93, கால்ல 81. நாங்க பாக்கறதே அந்த வித்தியாசத்தைத்தான்.

இப்ப கேஸ். ரத்தக்குழாய் தசையைத் தளர்த்தறதுக்கு நம்ம உடம்பே தயாரிக்கற சிக்னல்தான் என்ஓ. அது தசை செல்லுக்குள்ள போய் ஒரு என்ஸைமைத் தட்டிவிடும், சிஜிஎம்பின்னு ஒரு மூலக்கூறு ஏறும், தசை தளரும். இதைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூணு பேருக்கும் 1998ல நோபல் குடுத்தாங்க. மூச்சு வழியா குடுக்கறதுல இன்னொரு சௌகரியம், காத்து போற எடத்துல இருக்கற குழாயை மட்டும் திறக்கும், தாண்டி ரத்தத்துல கலந்த அடுத்த நொடியே ஹீமோகுளோபின் அதைப் புடிச்சு முடிச்சிடும். அதனால உடம்பு பிபி விழாது. ஊசில போடற மருந்துங்க கிட்ட எங்களுக்கு இருக்கற பெரிய பயமே அந்த பிபி விழறதுதான்.

வெஷம் எப்படி மருந்தாச்சுன்னா, உங்க லேப் சிலிண்டர்ல எவ்ளோ சதவீதம்?

ஃபர்னஸ்காரன்:
10 சதவீதம் டாக்டர், மிச்சம் நைட்ரஜன்.

நைட்_டியூட்டி_டாக்டர்:
அப்ப 1 லட்சம் பிபிஎம். எங்களோடது 800, அதையும் நீர்க்க வச்சு 20 ஆக்கித்தான் குடுக்கறோம். நிஜமான வில்லன் என்ஓ இல்ல தம்பி, அது ஆக்ஸிஜனோட சேர்ந்து ஆகற என்ஓடூ, அந்தப் பழுப்புப் புகை. நுரையீரல் ஈரத்துல பட்டா அமிலம். இந்த ரியாக்‌ஷன் வேகம் என்ஓ அளவோட ஸ்கொயர்ல ஏறும். உங்க சிலிண்டர் 20 பிபிஎம்மை விட 5,000 மடங்கு அடர்த்தி, ஆக்ஸிஜன் ஒரே அளவுன்னு வச்சா, லீக் ஆகற எடத்துல என்ஓடூ 2.5 கோடி மடங்கு வேகமா உண்டாகும். குழந்தைக்கு 20ல குடுக்கறப்ப, கலந்து சில நொடில உள்ள போயிடும், என்ஓடூ ஆகறதுக்கு நேரமே இல்ல. அப்பவும் குழந்தை வாய்கிட்ட இருந்து சாம்பிள் எடுத்து என்ஓடூவைப் பாத்துக்கிட்டே இருப்போம், 2, 3 பிபிஎம் தாண்ட விடமாட்டோம். ரத்தத்துல மெத்ஹீமோகுளோபினும் பாப்போம், அது ஏறினா ரத்தம் ஆக்ஸிஜன் சுமக்காது. உங்க 25ங்கறது வேலை செய்றவங்க தினம் 8 மணி நேரம் சராசரியா சுவாசிக்கறதுக்கு வச்ச எல்லை. அலாரம் அடிச்சா ஓடறது சரிதான், செருப்பு போனா போகட்டும்.

ஒண்ணு சொல்லிடறேன், இது எல்லா நுரையீரல் வியாதிக்கும் மந்திரம் இல்ல. நாள் நிறைஞ்சு, இல்லன்னா கிட்டத்தட்ட நிறைஞ்சு பொறந்த குழந்தைங்கள்ல 1997ல ஒரு பெரிய ட்ரையல் வந்துச்சு, இறப்பு இல்லன்னா எக்மோ (ரத்தத்தை வெளிய எடுத்து ஆக்ஸிஜன் ஏத்தற மிஷின்), ரெண்டையும் சேர்த்துப் பாத்தா கேஸ் குடுக்காதவங்கள்ல 64 சதவீதம் இருந்தது, குடுத்தவங்கள்ல 46 ஆச்சு, அதுலயும் குறைஞ்சது முக்கியமா எக்மோ தேவைதான். அதை வச்சுத்தான் 1999ல அமெரிக்கால அனுமதி கெடச்சுது. பெரியவங்க ஏஆர்டிஎஸ்ல (நுரையீரல் திடீர்னு பழுதாகற கடும் நோய்) ஆக்ஸிஜன் ரெண்டு நாள் ஏறும், ஆனா உயிர் பிழைக்கறது கூடல. ரொம்ப குறைமாசக் குழந்தைங்களுக்கும் வழக்கமா குடுக்கறது இல்ல.

கோவைக்காரி:
எங்க பையனுக்கு இதே பிரச்சினை, ஆனா சில்டனாஃபில்தான் (வயாக்ரால இருக்கற மருந்து) குடுத்தாங்க, கேஸ் இல்லன்னுட்டாங்க. பேர கூகுள் பண்ணிப் பாத்துட்டு வீட்டுக்காரர் டாக்டர்கிட்ட சண்டைக்கே போயிட்டார் 😄 அது வேற விஷயத்துக்குக் குடுக்கற மாத்திரையாச்சேன்னு.

நைட்_டியூட்டி_டாக்டர்:
@கோவைக்காரி அந்த சண்டையை நாங்க மாசத்துக்கு ஒண்ணு பாக்கறோம். ஒரே பாதைதான்மா. என்ஓ சிஜிஎம்பியை ஏத்தும், சில்டனாஃபில் அந்த சிஜிஎம்பியை உடைக்கற என்ஸைமைத் தடுக்கும். கேஸ் விலையும் அந்த மிஷின் விலையும் எல்லா ஆஸ்பத்திரிக்கும் கட்டுப்படியாகறது இல்ல, அதனால நம்ம ஊர்ல நெறைய எடத்துல அந்த மாத்திரைதான் கைகுடுக்குது.

பழைய_சிலிக்கான்:
டாக்டர் தன் பக்கத்த சொல்லிட்டாங்க, நான் ரெண்டாவது பாதிக்கு வர்றேன். ஃபேப்ல (சிப்பு பண்ற ஃபேக்டரி) 30 வருஷம் ஆக்ஸிடேஷன் ஃபர்னஸ் பக்கத்துலயே நின்னு ரிட்டயர் ஆனவன்.

தம்பிக்குத் தெரியும், மத்தவங்களுக்காக சொல்றேன். சிலிக்கான் ஜெயிச்சதுக்குக் காரணமே அதோட ஆக்ஸைடு. சூடு பண்ணி ஆக்ஸிஜன் விட்டா தன் மேலயே கண்ணாடி மாதிரி ஒரு தோல் வளத்துக்கும். அந்தத் தோலும் சிலிக்கானும் ஒட்டுற எடத்துல அங்கங்க கை கோக்க ஆள் இல்லாம சில பிணைப்பு தொங்கிக்கிட்டு நிக்கும், போற எலக்ட்ரான புடிச்சு வச்சுக்கும். அதுக்கு 400, 450 டிகிரில ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் விட்டா போதும், ஹைட்ரஜன் போய் அந்தக் கைய புடிச்சுக்கும், வேல முடிஞ்சுது. நாங்க டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள ஆயிடும்.

சிலிக்கான் கார்பைடும் அதே ஆக்ஸைடத்தான் வளக்குது, அதான் எல்லாரும் ஆசப்பட்டது. ஆனா அதுல பாதி கார்பன் ஆச்சே. வளரும்போது கார்பன் பெரும்பாலும் கார்பன் மோனாக்ஸைடா வெளிய போயிடும், கொஞ்சம் போகாம எல்லைலயே தங்கிடும். அந்த ட்ராப்புங்க ஹைட்ரஜனுக்கு மசியாது. ட்ராப் கண்டக்‌ஷன் பேண்ட் (எலக்ட்ரான் ஓடுற ஆற்றல் மட்டம்) ஓரத்துல குமிஞ்சு கெடக்கும், சேனல்ல, அதான் ஆக்ஸைடுக்குக் கீழ கரண்ட் ஓடுற பாதைல, மொபிலிட்டி (எலக்ட்ரான் எவ்ளோ சுலபமா ஓடுதுங்கற அளவு) ஒத்தை இலக்கத்துல நிக்கும். உள்ள இருக்குற கிரிஸ்டல்ல 800க்கு மேல ஓடுற எலக்ட்ரான், மேல வந்தா 8ல நொண்டுது. என்ன பண்ணியும் பிரயோஜனம் இல்லன்னு பல வருஷம் ஓடுச்சு.

அப்பதான் 1997ல ஆஸ்திரேலியா கிரிஃபித் யூனிவர்சிட்டி ஆளுங்க என்ஓல நைட்ரைடு பண்ணினா (நைட்ரஜன ஏத்தினா) எல்லை சுத்தமாகுதுன்னு காட்டினாங்க. 2001ல அமெரிக்கால ஆபர்ன், வாண்டர்பில்ட் யூனிவர்சிட்டி கூட்டணி 1175 டிகிரி என்ஓ அனீல்ல மொபிலிட்டிய 30, 35க்கு ஏத்துச்சு. தம்பி இன்னைக்கும் 1175ன்னு செட் பண்றது அங்கேந்து வந்த பழக்கம்தான். 2010, 11 வாக்குல மார்க்கெட்ல மாஸ்ஃபெட் வந்துடுச்சு, அப்புறம் டெஸ்லா மாடல் 3 இன்வெர்ட்டருக்குள்ளயே போய் உக்காந்துச்சு. அந்த 35கூட கேவலமான நம்பர்தான், ஆனா அது இல்லன்னா சிப்பு சைஸும் வெலயும் எங்கயோ போயிருக்கும்.

குறுக்குக்_கேள்வி:
நல்ல கதை எல்லாம் சரி, ஆனா ஒரே கேஸ் ரெண்டு எடத்துலயும் "குணப்படுத்துது"ன்னு ஃபார்வர்டு ரெடி ஆகுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிக்கிறேன். நுரையீரல்ல என்ஓ முழு மூலக்கூறா வேல செய்யுது, அதுல ஜோடி இல்லாத ஒரு எலக்ட்ரான் இருக்கு, என்ஸைமுக்குள்ள இருக்கற ஹீம் இரும்புல போய் ஒட்டுது, தட்டிவிட்டுட்டுப் போயிடுது. 1175 டிகிரில அப்படியா? அங்க மூலக்கூறு உடையுது, நைட்ரஜன் எல்லைல உக்காந்துருது, வருஷக்கணக்கா அங்கயே இருக்கும். ஒண்ணு வந்து சொல்லிட்டுப் போற தந்தி, இன்னொண்ணு குடிவந்த வாடகைக்காரன். பேரு மட்டும்தான் ஒண்ணு. தற்செயல். அதுக்கு மேல எதுவும் தேடாதீங்க.

பழைய_சிலிக்கான்:
@குறுக்குக்_கேள்வி ஒத்துக்கறேன், நானும் அதத்தான் எழுத வந்தேன், விரல் வலிக்குதுன்னு நிறுத்தினேன். ஒரு திருத்தம் மட்டும். அந்த ஆக்ஸிஜன் சும்மா போறது இல்ல, ஃபர்னஸுக்குள்ள மெதுவா மறுபடியும் ஆக்ஸைடு வளக்கும். நைட்ரஜன் ஒருபக்கம் சரி பண்ணுது, ஆக்ஸிஜன் இன்னொரு பக்கம் புதுசா கெடுக்குது, ரெண்டுக்கும் நடுவுல இழுபறி. நைட்ரஜன் ஏத்துறேன்னு நேரத்த நீட்டிக்கிட்டே போனா ஹோல் ட்ராப் (ப்ளஸ் சார்ஜ புடிச்சு வைக்குற ட்ராப்) கூடும், நெகட்டிவ் வோல்டேஜ் குடுத்து வச்சா த்ரெஷோல்டு (ட்ரான்சிஸ்டர் ஆன் ஆகுற வோல்டேஜ்) நகர ஆரம்பிக்கும். அதனாலதான் ஜப்பான்ல கியோட்டோ ஆளுங்க வேற வழில போனாங்க, கார்பைட ஆக்ஸிடைஸே பண்ணாம, மேல சிலிக்கான் படிய வச்சு அத மட்டும் கம்மி சூட்டுல ஆக்ஸைடாக்கி, கடைசில ரொம்ப அதிக சூட்டுல நைட்ரஜன். கார்பன் வெளிய வந்தாத்தானே தொல்லை.

ஃபர்னஸ்காரன்:
ஐயா, அந்த நெகட்டிவ் சைடு ஷிஃப்ட்தான் ஒரு மாசமா என் உசுர வாங்குது. கைடு நைட்ரஜன் பத்தல, மூணு மணி நேரம் வையிங்கிறாரு.

பழைய_சிலிக்கான்:
ஒரே வேஃபர வெட்டி 60, 90, 120, 180 நிமிஷம்னு நாலு துண்டா ஓட்டு. ஆக்ஸைடு தடிமன் ஒவ்வொண்ணுலயும் எவ்ளோ கூடிருக்குன்னு முதல்ல அளந்துக்கோ, அத விட்டுட்டு சி-வி (கெப்பாசிட்டன்ஸ்-வோல்டேஜ்) அளவு மட்டும் போட்டா எதனால நகருதுன்னு தெரியாது. நாலையும் ஒரே பேப்பர்ல வரைஞ்சு கைடு மேசைல வை. வாய்ல சொன்னா கேக்க மாட்டாங்க.

சும்மா_படிக்கிறவன்:
டாக்டர் ஒரு சந்தேகம், பிராமரி பிராணாயாமம் பண்ணா மூக்குல நைட்ரிக் ஆக்ஸைடு கூடும்னு யூடியூப்ல சொல்றாங்களே, அப்ப நுரையீரல் வியாதிக்கு அதுவே போதாதா?

நைட்_டியூட்டி_டாக்டர்:
கூடறது உண்மை. ஸ்வீடன் கரோலின்ஸ்கால 2002ல அளந்து பாத்தாங்க, வாய மூடி ரீங்காரம் (பிராமரில பண்றது அதான்) பண்ணும்போது மூக்குலேந்து வர்ற என்ஓ அமைதியா மூச்சு விடறதை விட 15 மடங்கு. ஒலி அதிர்வுல சைனஸ்ல அடைஞ்சு கெடக்கற காத்து வெளிய வருது, அவ்ளோதான். பண்ணுங்க, மனசுக்கு நல்லாருக்கும், ஆனா இன்ஹேலரை நிறுத்திட்டுப் பண்ணாதீங்க.

ஃபர்னஸ்காரன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். டாக்டர், கடைசியா ஒண்ணு. அஞ்சு நாள் குடுத்தாங்க, நிறுத்துறதுக்கு மட்டும் ரெண்டு நாள் ஆச்சு. 20, 10, 5, அப்புறம் ஒண்ணொண்ணா குறைச்சாங்க. 1 பிபிஎம்ல எல்லாம் என்ன இருக்கப்போவுது, சட்டுன்னு நிறுத்தலாமேன்னு எனக்கு ஒரே எரிச்சல், பில்லு வேற ஏறிக்கிட்டு இருக்கு.

நைட்_டியூட்டி_டாக்டர்:
அந்த 1 பிபிஎம்தான் ரொம்ப முக்கியம். வெளியேந்து கேஸ் வர்றப்ப உடம்பு தன்னோட சொந்தத் தயாரிப்பைக் குறைச்சுக்கும். 5லேந்து டக்குன்னு பூஜ்யம் ஆக்கினா குழாய்ங்க முன்னைவிட மோசமா இறுகும், சாச்சுரேஷன் கண்ணு முன்னாடி சரியும். ஒரு தடவை சிலிண்டர் மாத்தற இடைவெளில பாத்திருக்கேன், மறக்க முடியாது. அதனாலதான் பேக்கப் சிலிண்டர் பக்கத்துலயே நிக்கும்.

பாப்பாவுக்கு காது டெஸ்ட் பண்ணியாச்சா? டிஸ்சார்ஜ் அப்போ பண்ணி நல்லாருக்குன்னு சொல்லியிருந்தாலும் மூணு மாசத்துல ஒருதடவை மறுபடி பண்ணுங்க, இந்த மாதிரி இருந்த குழந்தைங்களுக்குக் கேக்கற திறன் அப்புறமாக் குறைய வாய்ப்பு இருக்கு. ஃபாலோஅப் கார்டுல தேதி போட்டிருப்பாங்க, அக்காகிட்ட கேட்டுப் பாருங்க.

ஃபர்னஸ்காரன்:
கார்டத் தேடிக்கிட்டு இருக்கா. அவ மகளுக்கு மாமன் தும்முனாக்கூட முழிப்பு வந்துருது, இருந்தாலும் கூட்டிட்டுப் போறோம்.