அப்பத்தாவுக்கு சுகர் இருக்கா? எந்த டெஸ்ட் எடுக்கிறது?

அப்பத்தாவுக்கு 74 வயசு, போடி பக்கம் கிராமம். ரெண்டு மாசமா ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிக்கிறாங்க. தண்ணிச் சொம்பு தலைமாட்டிலேயே இருக்கு. ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. கால் பெருவிரல் புண் 3 வாரமா ஆறல. பாத்ரூம்ல எறும்பு மொய்க்கிறதைக் காட்டினா, "கருப்பட்டி சிந்தியிருக்கும்"ங்கிறாங்க. பாத்ரூம்ல ஏதுங்க கருப்பட்டி!

மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வெறும் வயித்துல பார்த்தப்ப 118. அதையே பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வேணாங்கிறாங்க. வீட்டு மெஷின்ல, சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு நான் எடுத்தது 236, மறுநாள் 221.

புண்ணைக் காட்ட மட்டும் திங்கக்கிழமை வர்றேன்னு சம்மதிச்சிருக்காங்க. ரத்தம் ஒரே தடவைதான் குடுப்பாங்களாம். ரத்தசோகை வேற, ஹீமோகுளோபின் 8.5.

இவ்வளவு ரத்தசோகை இருக்கறவங்களுக்கு ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட்) ரிசல்ட்டை நம்பலாமா, இல்ல வேற டெஸ்ட் கேட்கணுமா?