அவுட்கேஸிங்குக்கு ‘வாயு வெளியேற்றம்’ ஏன் ஒத்துவராது

> விண்கலச் சோதனைக் கையேட்டுக்கான பட்டியலில் இப்போதைக்கு அவுட்கேஸிங் = வாயு வெளியேற்றம், பேக்அவுட் = சூடேற்றம் என்று போட்டிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

வணக்கம்.

அவுட்கேஸிங் என்பது வெற்றிடத்தில் பொருள்களுக்குள் ஊறியிருப்பது மெல்ல வெளிவருவது; பேக்அவுட் என்பது சூடாக்கி அதை முன்கூட்டியே வெளியேற்றுவது. இரண்டு சொல்லையும் மாற்றச் சொல்வேன். முதல் சொல்தான் ஆபத்தானது, அதிலிருந்து தொடங்குகிறேன்.

விண்கலத்தை வெற்றிட அறையில் வைத்துச் சூடும் குளிரும் கொடுத்துப் பார்க்கும் வெப்ப வெற்றிடச் சோதனையின் செய்முறைத் தாளில் ‘வாயு வெளியேற்றம் முடிந்ததும் அலைபரப்பியை இயக்கவும்’ என்று ஒரு வரி வருகிறது என்று வையுங்கள். படிக்கிறவர் என்ன புரிந்துகொள்வார்? பம்பு அறையிலிருந்த காற்றை உறிஞ்சி முடித்துவிட்டது என்றுதான். அழுத்தமானி 10⁻⁵ மில்லிபார் காட்டுகிறது, இயக்கலாம் என்று கை போகும். அந்த வரி சொல்ல வந்ததோ வேறு: பசை, கம்பி உறை, வண்ணப்பூச்சு, வெப்பம் காக்கும் பல்லடுக்குப் போர்வை ஆகியவற்றுக்குள் பதுங்கியிருந்த நீரும் எண்ணெயும் வெளிவந்து அடங்க வேண்டும். அறையின் அழுத்தமானி நல்ல எண்ணைக் காட்டினாலும், சிறு துளை மட்டுமே உள்ள ஓர் அலைபரப்பிப் பெட்டிக்குள் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கலாம். அந்த இடைப்பட்ட அழுத்தத்தில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் பொறி பறக்கும், கருவி போய்விடும். அறையை வெறுமையாக்க மணிக்கணக்கில் ஆகும் என்றால், உள்ளிருப்பது அடங்க நாள்கணக்கில் ஆகும். ஒரே சொல் இரண்டையும் சுமக்கக் கூடாது. எரிபொருள் குழாயில் அழுத்தம் குறைக்கத் திறந்துவிடுவதற்கும் இதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். ஆக மூன்று வேலைக்கு ஒரு சொல்.

> ‘வாயுக்கசிவு’ என்றால் எல்லோருக்கும் எளிதில் புரியுமே?

புரியும், தவறாக. வெற்றிட அறையில் கசிவு என்பது தனி நோய். இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனையே உண்டு. வால்வை மூடி, பம்பைத் துண்டித்துவிட்டு, அழுத்தம் ஏறுவதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். கசிவு என்றால் கோடு நேராக ஏறிக்கொண்டே போகும். பொருளிலிருந்து வருவது என்றால் முதலில் விறுவிறுவென ஏறி, பிறகு வளைந்து படுத்துவிடும். அறையில் மிஞ்சிய வாயுக்களை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் எச்சவளிப் பகுப்பியில் பார்த்தால் இன்னும் தெளிவு. நிறை 28-ம் (நைட்ரஜன்) 32-ம் (ஆக்சிஜன்) சேர்ந்து எழுந்தால் வெளிக்காற்று உள்ளே வருகிறது, கதவு வளையத்தைப் பாருங்கள். 18 மட்டும் ஓங்கி நின்றால் அது நீர், பொறுத்திருங்கள். ஒன்றுக்குப் பானா எடுக்க வேண்டும், மற்றதற்குக் கை கட்டிக் காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ‘கசிவு’ என்று பெயர் வைத்தால் எவர் எதைச் செய்வார்?

என் முன்மொழிவு: ஆவியுதிர்வு.

வாயு, வளி என்று போகாமல் ‘ஆவி’யை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இங்கே கவலையே, வெளிவருவது எங்கோ குளிர்ந்த பரப்பில் போய்ப் படியும் என்பதுதான். ஆவிதான் படியும், தோசைக்கல்லுக்கு மேலே சமையலறைச் சுவரில் பிசுக்கு ஏறுவதைப் போல. ‘உதிர்வு’ யாரும் பிடுங்காமல் தானாக நடப்பது, கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது, நாளாக ஆகக் குறைவது. வினையும் எளிதாக வருகிறது: இந்தப் பசை ஆவி உதிர்க்கும், குறை ஆவியுதிர்வுப் பசை, ஆவியுதிர்வு வீதம். (‘ஆவி விடுதல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். விண்கலம் ஏவப்படும் முன்பே அதற்குக் காரியம் செய்துவிட வேண்டாம்.)

படிவு என்ன செய்யும் என்பதற்கு அண்மை உதாரணம் ஐரோப்பாவின் யூக்ளிட் தொலைநோக்கி. 2023 ஜூலையில் ஏவப்பட்டது. சில மாதங்களில் விண்மீன்களின் ஒளி மங்கத் தொடங்கியது. தரையில் இருந்தபோது காற்றிலிருந்து உறிஞ்சிய நீர் மெல்ல உதிர்ந்து, குளிர்ந்த கண்ணாடிமேல் பனியாகப் படிந்திருந்தது, தடிமன் நானோமீட்டர் கணக்கில்தான். 2024 மார்ச்சில் ஒரே ஒரு கண்ணாடியை மைனஸ் 147 டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் 113-க்குச் சூடாக்கினார்கள். ஒளி 15 சதவீதம் கூடியது. அதற்கு முன் விண்மீன்களின் இடத்தை அளந்த ஐரோப்பாவின் கையா விண்கலத்திலும் இதே தொல்லை.

இனி பேக்அவுட். ‘சூடேற்றம்’ போதாது. வெப்பச் சுழற்சிச் சோதனையிலும் சூடேற்றுகிறோம், அங்கே நோக்கம் வேறு. ‘உலர்த்தல்’ நீரை மட்டும் சொல்கிறது. வாட்டல் என்கிறேன். வாழை இலையை அனலில் வாட்டுகிறோம். இலை வேகவும் கூடாது, கருகவும் கூடாது, உள்ளிருக்கும் ஈரம் மட்டும் போக வேண்டும். இங்கும் அதுவே விதி.

—

வெற்றிட வாட்டலின் வரிசையை யாராவது முழுதாக எழுதினால், சொற்களை அதில் பொருத்திப் பார்க்கலாம்.

—

எழுதிப் பார்க்கிறேன், மேலே முன்மொழிந்த சொற்களையே வைத்து.

பொருள் தேர்விலேயே ஆவியுதிர்வுக் கணக்கு தொடங்கிவிடும். ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் இ595 முறைப்படி 100 முதல் 300 மில்லிகிராம் மாதிரியை வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணிநேரம் வைப்பார்கள். எதிரே 25 டிகிரியில் ஒரு தட்டு. மாதிரியின் மொத்த நிறையிழப்பு 1 சதவீதத்துக்குள், தட்டில் படிந்தது 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இது சல்லடை மட்டுமே. 25 டிகிரித் தட்டில் படியாதது மைனஸ் 100-ல் இருக்கும் கண்ணாடியில் படியாது என்று பொருளல்ல. இதை மறந்துவிட்டுப் ‘பொருள் தேறிவிட்டது’ என்று நிம்மதியாக இருப்பவர்களே அதிகம்.

அடுத்து, கம்பித்தொகுதி, பல்லடுக்குப் போர்வை முதலியவற்றைப் பொருத்துவதற்கு முன்பே தனியாக வாட்ட வேண்டும். பேட்டரியோடு கூடிய முழு விண்கலத்தை 100 டிகிரிக்கு ஏற்ற முடியாது; தனியாக இருக்கும்போதுதான் சூட்டுக்கு இடம் உண்டு. அறையையும் முதலில் வெறுமையாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும், முந்தைய வாடிக்கையாளரின் பிசுக்கு நம் தலையில் விடியாமலிருக்க.

வாட்டல் முடிந்ததா என்று சொல்வது நாள்காட்டி இல்லை, படிவுமானி. குவார்ட்ஸ் படிகம் ஒன்று அதிர்ந்துகொண்டிருக்கும். மேலே ஏதாவது படிந்தால் அதிர்வெண் மாறும். 15 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் 1 ஹெர்ட்ஸ் மாற்றம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 2 நானோகிராம். மணிக்கு இத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே, தொடர்ந்து இத்தனை மணிநேரம் என்று திட்டம் வரையறுக்கும். இங்கே ஒரு பொறி: மானியை மைனஸ் 20-ல் வைத்தால் எண்ணெய் வகைகள்தான் ஒட்டும், அந்த வெற்றிடத்தில் நீர் அதில் நிற்காது. நீரையும் அளக்க வேண்டுமானால் மானியை அதைவிட வெகுவாகக் குளிர்விக்க வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் முடிவில்தான். திரவ நைட்ரஜனால் குளிர்ந்த கவர்தட்டு அதுவரை உதிர்ந்ததையெல்லாம் பிடித்து வைத்திருக்கும். அவசரப்பட்டு அதை முதலில் சூடாக்கினால் பிடித்தது அத்தனையும் கிளம்பி விண்கலத்தின்மேல் போய் உட்காரும். விண்கலம் எப்போதும் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்க, கவர்தட்டுதான் கடைசியில் சூடாக வேண்டும். அறைக்குள் விடுவதும் உலர் நைட்ரஜனாக இருக்கட்டும், வெளிக்காற்று வேண்டாம்.

ஆவியுதிர்வு எல்லா வரியிலும் நன்றாக உட்கார்கிறது. இன்னொன்று: ‘வெற்றிடக் கலன்’ என்று எழுதாதீர்கள். ‘கலனுக்குள் கலம்’ என்று ஒரு வரி வந்தால் அச்சுப்பிழை என்று யாராவது திருத்திவிடுவார்கள். ‘அறை’ போதும்.

—

ஆவியுதிர்வுக்கு உடன்படுகிறேன். வாட்டலில் மட்டும் தயக்கம். இலங்கையில் வெதுப்பகம், வெதுப்பி எல்லாம் கடைப் பெயர்ப்பலகையிலேயே உண்டு. ‘வெதுப்பல்’ என்றால் எங்களுக்கு உடனே விளங்கும். ‘வாட்டம்’ முகத்துக்கு வருவது.

—

வெதுப்பினால் பாண் (ரொட்டி) வரும், ஐயா. வெந்த பொருள்தான் அங்கே பயன். இங்கே பொருள் மாறாமல் அப்படியே இருக்க, உள்ளிருப்பது போக வேண்டும். அதனால் வாட்டலையே முதலில் வைத்து, வெதுப்பலையும் இணைச்சொல்லாகப் பட்டியலில் சேர்க்கலாம்.

‘ஆவியாதலோடு குழம்பாதா’ என்று தனியே கேட்டிருந்தவருக்கு: ஆவியாதலில் பொருளே போகிறது. ஆவியுதிர்வில் பொருள் நிற்கிறது, அதில் ஒட்டியிருந்ததும் ஊறியிருந்ததும் போகிறது. மரம் நிற்க இலை உதிர்வதைப் போல.

—

வர்ச்சுவல் லீக் பட்டியலில் விடுபட்டிருக்கிறது. அடி மூடிய துளையில் திருகாணியை இறுக்கினால் அடியில் கொஞ்சம் காற்று சிறைப்படும். மரை வழியாக நாள்கணக்கில் ஒழுகும். பகுப்பியில் காற்று மாதிரியே தெரியும், ஆனால் வெளியே ஹீலியம் தெளித்துத் தேடினால் அகப்படாது. ‘பொய்க்கசிவு’ என்று போடலாம். நடுவே துளையிட்ட திருகாணிதான் மருந்து.

அறைக்குள் விண்கலத்தைச் சுற்றி நிற்கும் ஷ்ரவுடுக்கு ‘போர்வை’ வேண்டாம். அது பல்லடுக்குப் போர்வைக்குப் போய்விட்டது. இதைக் குளிர்விக்கவும் செய்கிறோம், சூடாக்கவும் செய்கிறோம், ஆகவே ‘குளிர்சுவர்’ என்பதும் பாதிதான் சரி. ‘உட்சுவர்’ என்று இப்போதைக்கு எழுதி வைக்கிறேன். மறுப்பு இருந்தால் பட்டியலை அச்சுக்கு அனுப்பும் முன் சொல்லுங்கள்.