சாதி நேருக்கு நேர் வந்து நின்ற அந்த நொடி: தர்மபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

கடத்தூர் செல்வி:

2024-இல் மொரப்பூர் பக்கம் காட்டு வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ கொடுத்த செய்தி வந்ததே, அன்றைக்கு எல்லாரும் அதிர்ச்சி என்று எழுதினார்கள். எனக்கு அதிர்ச்சி வரவில்லை. ஒன்பதாவது லீவில் அம்மாவோடு கடலைக்காய் பிடுங்கப் போயிருந்தேன். காட்டுக்காரர் மகள் என் வகுப்புதான். தூக்குப்போசியில் டீ கொண்டு வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். எங்களுக்கென்று வரப்போரம் வைத்திருந்த டம்ளரை எடுத்து நீட்டினேன். அவள் போசியைத் தன் தோள் உயரத்துக்குத் தூக்கி ஊற்றினாள். போசி டம்ளரில் பட்டுவிடக் கூடாதாம். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அதுதான். அன்றைக்குப் புதிதாகச் செய்கிறவள் கை அப்படி நிற்காது. பள்ளிக்கூடத்தில் என் டிபன் பாக்ஸில் கைவிட்டுப் புளிச்சோறு எடுத்துத் தின்றவள் அவள்.

சிப்காட் தம்பி:

அக்கா, உங்கள் கதை பழைய கதை. ஊர்ப்பக்கம் டம்ளர் எல்லாம் இப்போது குறைந்துவிட்டது, பசங்க படித்துவிட்டார்கள். டவுனில் நடப்பதைச் சொல்கிறேன். ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்து வாடகைக்கு வீடு பார்த்தேன். வீட்டுக்கார அம்மாவும் நம்ம மாவட்டம்தான். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, சாவி நாளைக்கு என்றார். கிளம்பும்போது கேட்டார்: “தம்பி, உங்க ஊர்ல நீங்க ஊருக்குள்ளயா, காலனியா?” காலனி என்றேன். மறுநாள் காலையில் கேட்டிலேயே பணத்தை நீட்டினார். “சொந்தக்காரங்க வர்றாங்க தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க.” நான் போட்ட ரப்பர் பேண்டுகூடக் கழற்றப்படவில்லை. அந்தக் கட்டை எண்ணிக்கூடப் பார்க்காமல் வைத்திருந்து அப்படியே கொடுத்திருக்கிறார். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. யார்மேல் என்னவென்று புகார் கொடுப்பது?

பாலக்கோடு பேரன்:

தம்பி, டம்ளர் குறைந்துவிட்டது என்று எழுதியதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் ‘ஊர்’ பக்கத்து ஆள். சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் தாத்தா வீட்டு எரவாணத்தில், அதாவது கூரையின் தாழ்ந்த ஓரத்தில், ஓர் அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். களத்துக்கு வரும் ஒரு பெரியவர் அதை அவரே எடுப்பார், குடிப்பார், கழுவுவார், திரும்பச் செருகுவார். தாத்தாவை விட வயதில் மூத்தவர். தாத்தா அவரை “வாடா” என்பார், அவர் தாத்தாவை “சாமி” என்பார். ஒருநாள் டம்ளர் அங்கே இல்லை. அந்தப் பெரியவர் எரவாணம் முழுக்கக் கையால் துழாவிவிட்டு, எதுவும் கேட்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். வீட்டில் அத்தனை டம்ளர் இருந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் குடிக்காமலே போனார்.

இன்றைக்கு எரவாணமும் இல்லை, தாத்தாவும் இல்லை. ஆனால் டீக்கடையில் கவனித்துப் பாருங்கள். எல்லாருக்கும் பேப்பர் கப் என்றால் சரி. தெரிந்த முகத்துக்குக் கண்ணாடி கிளாஸ், காலனி முகத்துக்குக் கேட்காமலே பேப்பர் கப் என்றால் அதற்கு என்ன பெயர்? கேட்டால் சுகாதாரம் என்பார்கள்.

கோர்ட் குமாஸ்தா:

நான் தர்மபுரி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். 29.9.2011, வாச்சாத்தி தீர்ப்பு. உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான், 1992 ஜூன் 20-இல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து மலையாளி என்கிற மலைவாழ் பழங்குடியினரின் அந்த ஊருக்குள் புகுந்தது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரையே நாசமாக்கிவிட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. அவ்வளவு தாமதம்.

கோர்ட் வளாகம் முழுக்கப் போலீஸ், டி.வி. வண்டிகள், அதற்கு நடுவே ஊரிலிருந்து வந்தவர்கள். என் மனதில் நிற்பது ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது, இடுப்பில் குழந்தை. பக்கத்தில் இருந்த பாட்டி என்னிடம் சொன்னார்: “இவளும் அப்ப இப்படித்தான் சாமி, இடுப்புல இருந்தா.” கேஸ் முடிவதற்குள் இடுப்பில் இருந்த பிள்ளை தாயாகிவிட்டது. நான் கையில் கேஸ் கட்டோடு உள்ளே ஓட வேண்டும், ஓட முடியவில்லை.

தென்பெண்ணை:

வாச்சாத்தியை ஏன் சாதியோடு சேர்க்கிறீர்கள்? அது சந்தனக் கட்டை விவகாரம். என் சித்தப்பா வனத்துறையில் இருந்தவர், அந்தக் காலத்தில் கடத்தல்காரர்களிடம் உயிருக்குப் பயந்து ரோந்து போனதை நேரில் கேட்டவன் நான். மரத்தில் கட்டிவைத்து அடி வாங்கியிருக்கிறார். அந்தத் தழும்பை வேட்டியை ஒதுக்கி அவர் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. எல்லா அதிகாரியும் கெட்டவன் இல்லை.

கோர்ட் குமாஸ்தா:

தம்பி, உங்கள் சித்தப்பா பட்ட அடியை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் கட்டை தேட வந்தவர்கள் எதற்காகக் கிணற்றைக் கெடுக்க வேண்டும்? ஆடு மாட்டை ஏன் கொல்ல வேண்டும்? மலையடிவாரத்து எஸ்.டி. ஊர், கேட்க நாதியில்லை என்ற நினைப்புதான். அதே சந்தேகம் பெரிய தெருவில் இருக்கிற ஒருவர்மேல் வந்திருந்தால் முதலில் நோட்டீஸ் போயிருக்கும். பழங்குடியினர் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் விடாமல் பிடித்தார்கள், 1995-இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு வந்தது, அதனால்தான் கேஸே நின்றது. அப்பீலில் தீர்ப்புச் சொல்வதற்கு முன் நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போனார். 2023 செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கச் சொன்னது. 31 வருஷம். இதில் சாதி இல்லை என்றால் எதில் இருக்கிறது, சொல்லுங்கள்.

பென்னாகரம் மணி:

என் தம்பியைப் பஸ் ஸ்டாண்டில் சாதி பேரைச் சொல்லித் திட்டி அடித்தார்கள். ஸ்டேஷனில் “அடிதடின்னு மட்டும் எழுதிக் குடுப்பா” என்று பேனாவை நீட்டியவரின் கை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால் இங்கே படிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன்.

புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள். திட்டிய வார்த்தையை அப்படியே எழுதுங்கள், கூச்சப்பட்டு ‘தகாத வார்த்தை’ என்று எழுதினால் பிறகு கேஸ் நிற்காது. எங்கே நடந்தது, யார் யார் பார்த்தார்கள், உங்கள் சாதி, எதிராளி சாதி, எல்லாம் இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் நகல் வையுங்கள். எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கான 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட்டால் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும், 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை. முன்ஜாமீன் கிடையாது, 18-ஆவது பிரிவு. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடமையைச் செய்யாத அரசு ஊழியர் மேலேயே 4-ஆவது பிரிவில் நடவடிக்கை உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு மனு கொடுங்கள். 14566 என்று தேசிய உதவி எண் இருக்கிறது. ஊர் விலக்கம், அதாவது கடையில் பொருள் தர மறுப்பது, வேலை தர மறுப்பது, 2015 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் தனிக் குற்றம். செல்வி அக்கா, உங்கள் விஷயத்தில்கூட அந்தக் காட்டுக்காரர் மேல்...

கடத்தூர் செல்வி:

மணி அண்ணா, நன்றி. ஆனால் நான் கேஸ் போடுவது எப்படி என்று கேட்கவில்லை. அவளுக்கும் பதினாலு வயதுதான். அவள் கைக்கு அதைப் பழக்கிக் கொடுத்தது யார் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊத்தங்கரை டீச்சர்:

மணி சார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் 2012 நவம்பர் 7-இல் தர்மபுரி பக்கம் நத்தம் காலனியில் தலித் வீடுகளை எரித்தபோதும் இதே சட்டம் புத்தகத்தில் இருந்ததே. சட்டம் மட்டும் போதாது என்று என் வகுப்பு ஒன்றில் நானே திணறினேன். பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாண்ட்காமரி ஊர் பஸ்ஸில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளைக்காரருக்காக இடத்தை விட்டு எழுந்திருக்க மறுத்தது 1955 டிசம்பர் 1. நம் நாட்டில் தீண்டாமைக் குற்றச் சட்டம் அமலுக்கு வந்ததும் அதே 1955, ஜூன் மாதம். அந்த மக்கள் 381 நாள் பஸ் ஏறவில்லை, நடந்தார்கள், சர்ச்சுகள் கார் ஏற்பாடு செய்தன, கடைசியில் 1956 டிசம்பரில் பஸ்ஸில் இருந்த இனப் பாகுபாடு சட்டப்படி ஒழிந்தது என்று சொன்னேன்.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். “டீச்சர், அவங்க பஸ்ஸத்தான வேணாம்னாங்க. வேலை குடுக்கறவங்களே பஸ் ஓட்டறவங்களா இருந்திருந்தா?” வகுப்பு அமைதியாகிவிட்டது. அவன் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியும். அங்கேயும் போராடியவர்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள், தலைவர்கள் வீட்டில் குண்டு வைத்தார்கள் என்று பதில் சொன்னேன். அவன் தலையாட்டினான். கேட்டது அதுவல்ல என்று முகத்திலேயே தெரிந்தது.

மத்தூர் வாசி:

டீச்சர், அந்தப் பையன் கேள்விக்கு எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். சாவுக்கு இனிமேல் பறை அடிக்க மாட்டோம் என்று எங்கள் அப்பாவும் மற்றவர்களும் சொன்னார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். ஊரில் யாரும் அடிக்க வரவில்லை, எரிக்க வரவில்லை. அடுத்த நாளிலிருந்து மாந்தோப்பு வேலைக்கு ஆள் கூப்பிடவில்லை, பால் சொசைட்டியில் எங்கள் பாலைத் தண்ணீர் என்றார்கள். நான் மளிகைக் கடைக்குப் போய் அரிசி கேட்டேன். “அரிசி இல்ல.” அவர் முதுகுக்குப் பின்னால் மூட்டை வாய் திறந்து கிடக்கிறது, அளக்கிற படி அதற்குள் நட்டுக்கொண்டு நிற்கிறது. நான் மூட்டையைப் பார்த்தேன், அவரும் திரும்பி மூட்டையைப் பார்த்துவிட்டு மறுபடியும் “இல்ல” என்றார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கு நடந்து போய்த்தான் வாரத்துக்கு வேண்டியதை வாங்கி வந்தோம். ஊர் வழியாக பஸ் இருந்தது, ஆனால் ஏற விடமாட்டார்களோ என்ற பயம். கடைசியில் தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தை வைத்து எழுதி வாங்கினார். கடையில் பொருள் தந்தார்கள். பறைக்கும் எங்களைக் கூப்பிடுவது நின்றது, இப்போது வெளியூர் பேண்டு செட்டு வருகிறது. தோப்பு வேலை மட்டும் திரும்பவே வரவில்லை. எங்கள் தெருவில் பாதிப்பேர் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போனது அந்த வருஷம்தான். அப்பாவிடம் இப்போது கேட்டாலும், அடிக்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான் என்பார்.