மறு: ‘கிளாபேக்’ என்பதற்கு ‘ஊதிய மீட்பு’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நிறுவனம் தன் உயர் நிர்வாகிக்குக் கொடுத்துவிட்ட ஊக்கத்தொகையைத் திரும்ப வாங்குவதை ஆங்கிலத்தில் ‘கிளாபேக்’ (clawback) என்கிறார்கள். நம் குழுமம் தமிழ்ச்சொல் தேடும் இதற்கு ‘ஊதிய மீட்பு’ என்று கோவை நண்பர் முன்வைத்ததையும், அதைப் பலர் வழிமொழிந்ததையும் படித்தேன். சிங்கப்பூரில் இருந்து பார்க்கும்போது எனக்கு அதில் ஒரு தயக்கம் இருக்கிறது. இங்கே ‘சம்பள மீட்பு’ என்றால், முதலாளி கொடுக்காமல் இழுத்தடித்த பாக்கியை ஊழியர் மனிதவள அமைச்சில் முறையிட்டு வாங்குவது என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். நாம் பெயர் தேடும் செயலில் பணம் எதிர்த்திசையில் போகிறது. நிறுவனம் தன் உயர் நிர்வாகிக்குக் கொடுத்து முடித்த ஊக்கத்தொகையை, பின்னர் தெரியவந்த ஒரு காரணத்துக்காக அவரிடமிருந்து திரும்ப வாங்குகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் செய்தி படிப்பவருக்கு யார் யாரிடம் வாங்கினார் என்பதே விளங்காது.

இந்தச் சொல்லுக்கு இப்போது அவசரமும் உண்டு. 2024 டிசம்பர் 31 அன்றோ அதற்குப் பின்னரோ முடிவடையும் நிதியாண்டுகளிலிருந்து, சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒவ்வோர் இயக்குநருக்கும் தலைமை நிர்வாகிக்கும் வழங்கிய தொகையைப் பெயர் சொல்லி, சரியான எண்ணிக்கையில், அடிப்படைச் சம்பளம், போனஸ், சலுகைகள், பங்கு வழங்கல் என்று பிரித்து ஆண்டறிக்கையில் காட்டியாக வேண்டும். அதற்கு முன்பு ‘பின்பற்று, இல்லையேல் காரணம் சொல்’ என்ற ஏற்பாடுதான் இருந்தது. போட்டி நிறுவனங்கள் ஆளைத் தட்டிக்கொண்டு போய்விடும் என்று ஒரு வரி எழுதிவிட்டு, சரியான தொகையைச் சொல்லாமல் 250,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அகலமுள்ள பிரிவுகளுக்குள் ஒதுங்கிக்கொண்ட நிறுவனங்கள் பல. எண்கள் வெளியே வந்துவிட்ட பிறகு, கொடுத்ததைத் திரும்ப வாங்க வழி இருக்கிறதா என்று பங்குதாரர் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்கத்தான் போகிறார்கள். அந்தக் கேள்வியைத் தமிழில் எழுத நம்மிடம் சொல் வேண்டும்.

சொல்லைத் தேர்வதற்கு முன், மூன்று செயல்களைப் பிரித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நம் விவாதத்தில் இவை கலந்துவிட்டன. சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் மின்னிலக்கச் சேவை 2023இல் பலமுறை தடைபட்டதையொட்டி, அந்த ஆண்டுக்கான அதன் தலைமை நிர்வாகியின் மாறுபடும் ஊதியம் (போனஸ் போல, நிலையான சம்பளத்துக்கு மேல் வருவது) 30 விழுக்காடு, அதாவது 4.14 மில்லியன் வெள்ளி, குறைக்கப்பட்டது. ஈப்போ நண்பர் இதை ‘கிளாபேக்’குக்கு எடுத்துக்காட்டாகத் தந்திருந்தார். ஆனால் அந்தப் பணம் கொடுக்கப்படவே இல்லை. கொடுக்கும் அளவைத் தீர்மானிக்கும்போதே குறைத்துவிட்டார்கள். அதற்குக் ‘குறைப்பு’ என்ற பழகிய சொல்லே போதும்.

மற்ற இரண்டையும் ஒரே மனிதரிடம் காணலாம். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்குகள் திறக்கப்பட்ட விவகாரத்தில், அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கித் தலைவர் ஜான் ஸ்டம்ஃப், 2016 செப்டம்பரில் ஏறத்தாழ 41 மில்லியன் டாலர் மதிப்புள்ள பங்குகளை இழந்தார். அவை அவர் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்தாலும் இன்னும் கைக்கு வந்து சேராதவை. 2017 ஏப்ரலில் இயக்குநர் குழு மேலும் 28 மில்லியன் டாலரைக் கேட்டது. அது முந்தைய ஆண்டே அவர் பெற்றுவிட்ட தொகை. முதலாவதை ஆங்கிலத்தில் ‘மாலஸ்’ என்கிறார்கள். அதை ‘ஒதுக்கீட்டு ரத்து’ என்று எழுதலாம். ரத்து வேண்டாம் என்பவர்கள் ‘நீக்கம்’ என்று மாற்றிக்கொள்ளட்டும். இரண்டாவதுதான் நம் சொல்லுக்குரிய செயல்.

இனி, வந்திருக்கும் பரிந்துரைகள். ‘பிடித்தம்’ மாதச் சம்பளச் சீட்டில் மத்திய சேமநிதிச் சந்தாவுக்கு உரியது. ஆங்கிலச் சொல்லில் உள்ள ‘claw’வை நகமாக்கி ‘நகப்பறி’ என்று எழுதியவர் விளையாட்டாகத்தான் எழுதினார் என்று நம்புகிறேன். ‘பறிமுதல்’, ‘தண்டம்’ ஆகியவற்றை மட்டும் சற்று விரிவாக மறுக்க வேண்டும், ஏனென்றால் அவை குற்றத்தை ஏற்றிச் சொல்கின்றன. அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2022 அக்டோபரில் ஏற்ற விதியின்படி, நிதிக் கணக்கு திருத்தி எழுதப்பட்டால், முந்தைய மூன்று நிதியாண்டுகளில் நிர்வாகி பெற்ற ஊக்கத்தொகையில் கூடுதலாகப் போன பகுதியை நிறுவனம் வாங்கியே தீர வேண்டும். தவறு அவருடையதா என்று பார்ப்பதில்லை. தவறான லாபக் கணக்கின்படி ஐந்து மில்லியன் பெற்றவர், திருத்திய கணக்கின்படி மூன்று மில்லியனுக்கே தகுதியானவர் என்றால், இடையிலுள்ள இரண்டு மில்லியன்தான் விஷயம். அதற்கு வரி கட்டிவிட்டேன் என்று கழித்துக்கொள்ளவும் முடியாது, நிறுவனமே பின்வாசல் வழியாக அதை ஈடுகட்டவும் கூடாது. இதில் தண்டனை எங்கே இருக்கிறது? மிகையாகப் போன பணம் திரும்புகிறது, அவ்வளவுதான்.

கடன்பட்டவரிடம் கடன் கொடுத்தவர் வாங்குவது போன்ற தொனி வேண்டும் என்பதால், யாழ்ப்பாணத்து அம்மையார் போகிற போக்கில் குறிப்பிட்ட ‘அறவிடுதல்’ என்ற சொல் என் கண்ணில் பட்டது. இலங்கையில் ‘கடன் அறவீடு’ அன்றாட வழக்கு. வர வேண்டியதை உரியவர் வசூலிக்கிறார் என்ற திசை அதில் தெளிவாக இருக்கிறது, குற்றச்சாட்டு இல்லை. ஆகவே ‘மீளறவீடு’ என்பதை முன்மொழிகிறேன். முதலில் வரும் இடத்தில் ‘ஊக்கத்தொகை மீளறவீடு’ என்று முழுமையாகவும், பிறகு சுருக்கமாகவும் எழுதலாம். வினையாக ‘மீள அறவிட்டது’ என்றும், நிறுவனம் வகுக்கும் ஏற்பாட்டை ‘மீளறவீட்டுக் கொள்கை’ என்றும் சொல்ல வசதியாக இருக்கிறது. சிங்கப்பூர், தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ‘அறவீடு’ புதிது என்ற மறுப்பு வரும். ‘மீள்வசூல்’ அவர்களுக்கு உடனே புரியும் என்பது உண்மை. குழுமம் அதை விரும்பினால் நான் எதிர்க்க மாட்டேன், ‘மீட்பு’ மட்டும் வேண்டாம்.

‘ஊதியம்’, ‘சம்பளம்’ இரண்டையும் மாற்றி மாற்றி எழுதும் பழக்கத்தையும் இதே இழையில் முடித்துவிடலாம். ஆண்டறிக்கைப் பட்டியலின் முதல் பத்திக்கு ‘அடிப்படைச் சம்பளம்’, கடைசியில் வரும் மொத்தத்துக்கு ‘ஊதியம்’ என்று வைத்துக்கொள்வதில் யாருக்கேனும் மறுப்பு உண்டா?

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்