தோணியில் 41 நாள்: மாலத்தீவுக்குப் போகாமலே போய்வந்த கதை

பாளையங்கோட்டைக்காரன்:

குற்றாலத்தில் சாரல் அருமையாக விழுகிறது என்று ஊரே சந்தோஷமாக இருந்த ஆடி மாதத்தில், அந்தக் காற்றையே திட்டிக்கொண்டு தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் ஒரு தோணிக்குள், அதாவது சரக்கு ஏற்றுகிற பெரிய மரக்கப்பலுக்குள், குடித்தனம் நடத்தியவன் நான்.

2003-ம் வருஷம். பி.காம். முடித்துவிட்டு சும்மா இருந்தேன். அம்மாவின் தம்பி ஒரு தோணியில் தண்டல், அதாவது தோணிக்கு அவர்தான் கேப்டன். கணக்கு எழுத ஒரு ஆள் வேண்டும், மாலத்தீவு பார்த்த மாதிரியும் இருக்கும், வாரியா என்றார். ஒரு வாரத்தில் கிளம்பிவிடுவோம் என்று நானாக நினைத்துக்கொண்டு, தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு, பனிமய மாதா திருவிழா முடிந்த மறுநாள், ஆகஸ்ட் 6, பையோடு ஏறினேன். கிளம்பியது செப்டம்பர் 15.

கச்சான், அதாவது அந்தத் தென்மேற்குப் பருவக்காற்று, அடங்காமல் தோணியை எடுக்க மாட்டார்கள். தூத்துக்குடியில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், சொட்டு மழை இருக்காது, உப்பளத்துக்காரர்களுக்குக் கொண்டாட்டம். கன்னியாகுமரியைத் தாண்டினால்தான் அந்தக் காற்றின் குணம் தெரியும்.

சரி, சும்மா நிற்கிற தோணியில் என்ன வேலை இருக்கப்போகிறது என்று கேட்பீர்கள். காலையும் சாயங்காலமும் கடல் தண்ணியை வாளியில் மொண்டு மேல்தளம் முழுக்க ஊற்ற வேண்டும். எதுக்கு என்று கேட்டதற்கு மாமா குனிந்து ஒரு பலகை இடுக்கைக் காட்டினார். வெயிலில் மரம் சுருங்கி, எட்டணா காசைச் செருகினால் நிற்கிற அளவு விரிந்திருந்தது. “தண்ணி குடிக்கலன்னா வாயப் பொளந்துரும் மருமவனே.” அதுபோக கலப்பத்து வேலை: பஞ்சைத் திரியாக உருட்டி இடுக்கில் வைத்து, உளியும் சுத்தியலுமாக டொக் டொக் என்று அடித்து இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். அந்த வாசனை தலைமுடியில் ஏறினால் எந்த சோப்புக்கும் போகாது.

குடிக்கிற தண்ணி குடத்தில் வரும், வல்லநாட்டிலிருந்து வருகிற நம்ம தாமிரபரணித் தண்ணிதான். குளிக்கக் கடல், கடைசியில் ஒரே ஒரு சொம்பு நல்ல தண்ணி. உப்புத் தண்ணியில் துவைத்த சட்டை காய்ந்த மாதிரி இருக்கும், போட்டால் பிசுபிசுக்கும். சமையல் மணல் நிரப்பிய பெட்டிக்கு மேல் விறகடுப்பில். கக்கூஸ் என்பது பின்பக்கம் கடலுக்கு மேல் தொங்குகிற மரப்பெட்டி. முதல் இரண்டு நாள் நான் போகவே இல்லை, அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

பலகையில் நாலு எட்டு வைத்தால் கரை, பாளைக்கு ஒன்றரை மணி நேர பஸ். இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். தெருவில் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

ஆனால் தெரு என்னைத் தேடி வந்தது. இருபதாவது நாளோ என்னவோ, மார்க்கெட் பக்கம் அரிசி வாங்கப் போயிருந்தேன். எதிர் வீட்டுப் பெரியம்மை ஒரு கையில் மக்ரூன் பொட்டலத்தோடு நிற்கிறாள். “ஏல, மாலத்தீவுலருந்து எப்பம்ல வந்த?”

நேற்றுதான் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கருத்து, மெலிந்து, எண்ணெய் நாற்றத்தோடு நின்றதால் அவள் நம்பியும்விட்டாள்.

செப்டம்பரில் காற்று தணிந்தது. அப்புறம் சரக்கு வரவில்லை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் செங்கலும் ஏற்றி முடித்தபோது கிளம்புவதற்கான அனுமதிப் பேப்பர் வரவில்லை, யாரால் என்று சொல்லி இப்போது பிரயோஜனம் இல்லை. நாலு நாளில் மேல்மூட்டை வெங்காயம் முளைவிட ஆரம்பித்தது.

பயணம் மூன்றரை நாள், சுமார் 400 கடல் மைல். இன்ஜின்தான் ஓடும், காற்று தோதாக அடித்தால் டீசலை மிச்சம் பிடிக்கப் பாயையும் விரிப்பார்கள். மாலத்தீவில் மண்ணே தெரியாது. முதலில் தென்னந்தோப்பு தண்ணிக்குள் நிற்கிற மாதிரி தெரியும், கிட்டே போன பிறகுதான் அதற்கடியில் தரை இருப்பதே கண்ணுக்குப் படும். தீவுகள் அவ்வளவு தாழ்வு.

திரும்பி வந்து பெரியம்மைக்கு மாசிக்கருவாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: “போன தடவை ஏம்ல கொண்டாரல?”

தாமிரபரணிக்கரை:

அண்ணாச்சி, சிரிச்சு முடியலை. எங்க தாத்தாவும் தோணிக்காரர்தான், 1986 வரை தூத்துக்குடியும் நம்ம திருநெல்வேலி ஜில்லாதானே. அவர் காலத்துத் தோணியில் இன்ஜின் கிடையாது, வெறும் பாய். கொழும்புக்குப் போக ஒரு காற்று, திரும்பி வர ஒரு காற்று என்று இரண்டு பக்கமும் காத்துக்கிடப்பார்களாம். தோணித் தட்டிலேயே சுண்ணாம்பால் கட்டம் போட்டுத் தாயம் விளையாடுவார்களாம். எங்க ஆச்சி, கொழும்பு என்று யார் சொன்னாலும் தாயக்கட்டையைத்தான் திட்டுவாள். ஆமா, உங்களுக்கு வாந்தி வரலையா?

பாளையங்கோட்டைக்காரன்:

41 நாள் ஒன்றுமே இல்லை தம்பி. தோணியிலே பொறந்தவன் மாதிரி இருக்கியே என்று கலாசிகள், அதாவது தோணி வேலையாட்கள், பாராட்டினார்கள். கன்னியாகுமரி தாண்டினதும் எடுத்தேன் பாருங்க, மாலத்தீவுக் கணக்கில் முதல் இரண்டு பக்கம் மாமா கையெழுத்தில்தான் இருக்கும்.