11 மாத அக்ரிமென்ட் முடிந்துவிட்டது, இனி மாசாமாசம் வாடகைக்கு விடலாமா?

மாடிபோர்ஷன்

பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் மாடி போர்ஷன். வாடகை 9,000, அட்வான்ஸ் 27,000. 11 மாத அக்ரிமென்ட் போன மாசத்தோடு முடிந்தது. குடியிருப்பவருக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் வேலை. எப்போது மாற்றல் வரும் என்று அவருக்கே தெரியாது. எங்களுக்கும் வீடு திடீரென்று தேவைப்படலாம். அதனால் மாசாமாசம் என்று வைத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் சம்மதம். புது அக்ரிமென்ட் போடணுமா, பழையதே ஓடுமா? காலி பண்ண எத்தனை நாள் நோட்டீஸ்? பாதி மாசத்தில் போனால் வாடகை, இ.பி. கணக்கை எப்படி முடிப்பது?

பத்திர எழுத்து

பழையதே ஓடும், ஆனால் ரொம்ப நாள் ஓடாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி (2017-ல் இயற்றியது), காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவர் தொடர்ந்தால் பழைய நிபந்தனைகளோடு மாசாமாசம் நீடித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அதற்கு உச்சவரம்பு 6 மாசம். அதற்குள் புது அக்ரிமென்ட் போட்டுவிடுங்கள். வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

புதுசு எழுதும்போது வெறுமனே "மாதாமாதம்" என்று மட்டும் எழுதாதீர்கள். ரென்ட் அத்தாரிட்டியில் (வாடகை ஒப்பந்தங்களைப் பதியும் அரசு அதிகாரி) பதியும் படிவத்தில் வாடகைக் காலம் எவ்வளவு என்று கேட்பார்கள். காலம் 11 மாசம் என்று போட்டு, "இரு தரப்பில் யார் வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், 30 நாள் எழுத்துமூல அறிவிப்பு கொடுத்து இடையில் முடித்துக்கொள்ளலாம்" என்று ஒரு ஷரத்து சேருங்கள். நீங்கள் கேட்கும் மாசாமாச வசதி அந்த ஒரு வரியில் வந்துவிடும். ஒரு வருஷத்தைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயப் பதிவு. எல்லாரும் 11 மாசம் போடுவது அதனால்தான். ஆனால் 11 மாசம் என்பதற்காக ரென்ட் அத்தாரிட்டி பதிவு இல்லாமல் போகாது. அதை ஆன்லைனிலேயே செய்யலாம், கையெழுத்துப் போட்டு 90 நாளுக்குள் முடியுங்கள்.

முத்திரைத் தீர்வை முறைப்படி மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகையில் 1%. உங்கள் கணக்கில் 99,000 + 27,000, அதற்கு 1,260 ரூபாய். நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் இங்கே அதிகம். வழக்கு என்று வந்தால் அந்தக் குறை முதலில் கண்ணில் படும்.

ரவணசமுத்திரம்காரன்

நோட்டீஸ் விஷயத்துலதான் அண்ணாச்சி எல்லாரும் மாட்டுதாங்க. ஒண்ணுமே எழுதலன்னா, சொத்துரிமை மாற்றுச் சட்டம் 106-ம் பிரிவுப்படி மாச வாடகைக்கு 15 நாள். 30 நாள்னு எழுதிட்டா அதான் செல்லும். எந்தத் தேதியிலேர்ந்து எண்ணணும்ங்கிறதையும் எழுதணும். நீங்க தபால் போட்ட தேதி கணக்கில்லை, அவங்க கையில கிடைச்ச தேதிதான் கணக்கு.

வாட்ஸ்அப்புல "அடுத்த மாசம் காலி பண்ணிருங்க"ன்னு போட்டா மட்டும் பத்தாது. எழுதிக் கையெழுத்துப் போட்டு நேர்ல குடுத்து, நகல்ல தேதியோட கையெழுத்து வாங்கணும். வாங்க மாட்டேன்னா தபால்ல அனுப்பணும். பதிவுத் தபால் 2025 செப்டம்பர்லேர்ந்து ஸ்பீடு போஸ்ட்டோட சேர்ந்துட்டு. அதுலயே டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி வேணும்னு கேட்டு வாங்கணும், சும்மா அனுப்பிட்டு வந்திரக் கூடாது.

நோட்டீஸ் முடிஞ்சும் போகலன்னு மோட்டார் சுவிட்சை அணைக்கது, ஃபியூஸைப் புடுங்குகது எல்லாம் வேண்டாம். தண்ணி, கரண்டை நிறுத்துனா அவரு ரென்ட் அத்தாரிட்டிகிட்ட போயி திரும்ப வாங்கிருவாரு, உங்க கேஸுதான் பலமில்லாமப் போகும். காலி பண்ண வைக்கதுக்கு வழி ரென்ட் கோர்ட்டு. கெடு தாண்டி இருக்க நாளைக்கு வாடகையில ரெண்டு மடங்கு கேக்க சட்டத்துல இடம் இருக்குல்லா.

வாடகைவீட்டுப் பெண்

குடியிருப்பவர் பக்கத்திலிருந்து சில விஷயம். பாதி மாசக் கணக்குக்கு, எந்த மாசமானாலும் 30-ஆல் வகுப்பது என்று எழுதிவிடுங்கள். 9,000-க்கு நாளுக்கு 300. 12-ம் தேதி சாவி கொடுத்தால் 3,600. சாவி கொடுத்த தேதிதான் கடைசி நாள், சாமான் ஏற்றிய தேதி இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் இங்கேதான்.

இ.பி. ரீடிங் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை. நடுவில் காலி செய்தால் பில் வந்திருக்காது. சாவி கொடுக்கும்போது மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பில் 360 யூனிட் வந்து, அதில் பழையவர் ஓட்டியது 140 என்றால், பில் தொகையில் 360-க்கு 140 பங்கு அவருடையது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே ஒரு ரேட் வைப்பது சரியில்லை. முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், அதற்குமேல் ஸ்லாப் மாற மாற ரேட்டும் ஏறும் என்பதால் ஒரே ரேட் யாருக்காவது நஷ்டம்.

அட்வான்ஸ் 3 மாசம், வாடகைச் சட்டம் சொல்லும் அளவே. காலி செய்து ஒரு மாசத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிக்க என்று ஒரு மாச வாடகையைப் பிடிப்பது நம்ம ஊர் வழக்கம். ஆனால் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சுவர் வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, உடைந்த கண்ணாடி, சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் பொறுப்பு. குடிவரும் அன்று சுவரையும் பாத்ரூமையும் போட்டோ எடுத்து வைத்தால் "இது முன்னாடியே இருந்தது" என்ற பேச்சே வராது.

மாடிபோர்ஷன்

நன்றி. கடைசி மாச வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னால்?

பத்திர எழுத்து

ஒத்துக்கொள்ளாதீர்கள். அதைச் செய்தால் கையில் 18,000-தான் நிற்கும், அதில்தான் இ.பி. பில்லும் சேதமும் போக வேண்டும். "அட்வான்ஸ் வாடகைக்கு ஈடாகாது" என்று ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள். வாடகையை ஜிபேயிலோ வங்கியிலோ வாங்குங்கள். ரொக்கமாக வாங்கினால் ரசீது கொடுங்கள்.

ரவணசமுத்திரம்காரன்

ஒண்ணு விட்டுப்போச்சு. நோட்டீஸ் ஆடியிலயோ மார்கழியிலயோ முடியாம பாத்துக்கோங்க. அந்த ரெண்டு மாசமும் புது வீட்டுல யாரும் பால் காய்ச்ச மாட்டாங்க, "ஆவணி பொறக்கட்டும்", "தை பொறக்கட்டும்"னு சொல்லி ஒரு மாசம் இழுத்திரும். ஆனி முடியுதுக்குள்ள காலியாகணும்னா வைகாசி கடைசியிலயே நோட்டீஸ் அவரு கையில இருக்கணும்.